கல்மண்டபத்து லாரியும் இரண்டு உடம்பும்

1947ஆம் வருடம் ஆவணி மாதத்திலிருந்து, வரதன் லாரி ஓட்டிய நாட்களில் களைப்பு சௌக்கத் அலிக்கு வந்தது. சௌக்கத் அலி ஓட்டிய நாட்களில் வரதனுக்கு வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன், அரிசிக்கு ரேஷன் என்று இருந்த காலம். ராயபுரம் கரையில் அந்த வருடம் நெத்திலி மட்டும் மலிந்து கிடந்தது. லாரி நிற்கும் இடம் கல்மண்டபத்துக்கு எதிரே பூவரச மரத்தடி. வரதனின் வீடு தண்டையார்பேட்டையில், சௌக்கத் அலியின் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். நடுவே ஒரு மைலுக்குக் குறையாது. அந்த ஒரு மைலைக் களைப்பு ரோட்டு வழியாகக் கடந்ததா, கால்வாய் ஓரமாகக் கடந்ததா என்று பார்த்தவர்கள் இல்லை. கடந்தது என்பதற்கு மட்டும் சாட்சிகள் நிறைய உண்டு.

இருவரும் யுத்தகாலத்தில் துறைமுகத்தில் பட்டாளச் சரக்கு ஓட்டியவர்கள். சௌக்கத் அலி ஐந்தாறு வயது மூத்தவர். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் வேண்டாத லாரிகளை ஏலம் விட்டபோது, முழு லாரி வாங்க இரண்டு பேருக்குமே வக்கில்லை. அரை லாரி யாரும் விற்கவில்லை. ஆகவே சேர்ந்து ஒன்றை எடுத்தார்கள். பச்சை நிறம், மூக்கு நீண்டது, முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். ஹேண்டில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அன்றைக்கு லாரி. திங்கள், செவ்வாய், புதன் வரதனுக்கு. வியாழன், சனி, ஞாயிறு சௌக்கத் அலிக்கு. வெள்ளிக்கிழமை யாருக்கும் இல்லை. சௌக்கத் அலிக்கு ஜும்மா தொழுகை. வரதனுக்கோ, வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடியாமல் சக்கரம் உருளக் கூடாது என்று மனைவி பச்சையம்மா போட்ட சட்டம். ராகுகாலம் முடிவதற்குள் பாதி நாள் போய்விடும், பாதி நாளுக்கு யார் சரக்கு தருவார்கள்? அதனால் வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து வண்டியைக் கழுவுவார்கள். கூட்டுத் தொழில் குடுமிப்பிடியில்தான் முடியும் என்று ஊர் காத்திருந்தது. இருவருக்குமே குடுமி இல்லாததாலோ என்னவோ, அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

விஷயம் வெளிப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. காத்திவாக்கம் மணலில் லாரியின் பின்சக்கரம் புதைந்துவிட, வரதன் மண் வாரி, பலகை போட்டு, தோள் கொடுத்து மூன்று மணி நேரம் போராடினான். அதே நேரத்தில் சௌக்கத் அலி வண்ணாரப்பேட்டையில் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்திருந்தார். பாதித் தாடையில் சோப்பு இருக்கும்போதே அவருக்கு மூச்சு இரைத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது, தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. சவரக்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்று ஒரு கும்பிடு போட்டார். வரதனோ மணலிலிருந்து வண்டியை ஏற்றிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போலச் சீட்டியடித்துக்கொண்டு எண்ணூர் போய்ச் சேர்ந்தான்.

"நேத்து நான் வூட்ல படுத்துகினுதான் இருந்தேன் பாய்," என்றான் வரதன் அந்த வெள்ளிக்கிழமை, சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே. "இடது காலு மட்டும் முறிஞ்சி போற மாதிரி வலிக்குது. இன்னா எழவுன்னே தெரியல."

"இடது காலா?" என்றார் சௌக்கத் அலி. "அது கிளச்சு காலாச்சே. நேத்து பூரா நாளும் தொறமுகத்துல வரிசையில நின்னேன் வரதா, கிளச்சுலயே கால வச்சிகினு. எனக்கு ஒண்ணுமே ஆவல." பிறகு சவரக்கடைக் கதையையும் சொன்னார்.

 பிறகு இருவரும் மீதிச் சக்கரங்களைக் கழுவினார்கள்.

களைப்போடு பசியும் சேர்ந்தே வந்தது. வண்டி ஓட்டுகிறவருக்குப் பசிக்காது. வீட்டில் இருப்பவருக்கு இரண்டு ஆள் பசி. இதைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். சௌக்கத் அலியின் மனைவி சாபிரா திங்கட்கிழமைகளில் அரைப்படி அரிசி கூடுதலாகப் போட்டாள், பச்சையம்மா வியாழக்கிழமைகளில். வீட்டில் இருப்பவர் சாப்பிட்டால் போதும், ரோட்டில் இருப்பவரின் வயிறு ஆறிவிடும். சாபிரா வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதை வரதன் எண்ணூர் ரோட்டில் ஏப்பத்திலேயே தெரிந்துகொள்வான். ஒரு வருடத்துக்குள் இது ஊருக்குப் பழகிப்போய், பேசுவதற்குக்கூட ஆளில்லாமல் போயிற்று.

களைக்காத மனுஷன் எதைத்தான் செய்ய மாட்டான்? வரதனைப் பேராசைக்காரன் என்று சொல்வதற்கில்லை. லாரி ஓட்டுவது அவனுக்குப் பிடித்திருந்தது. முதலில் ஒரு நடை கூடுதலாக அடித்தான். பிறகு இரண்டு. மதுவிலக்கு வந்த வருடத்தில், திங்கட்கிழமை விடிய வண்டி ஏறினால் புதன்கிழமை விளக்கு வைக்கும்போதுதான் இறங்குவான் என்றாகிவிட்டது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி, எண்ணூரிலிருந்து உப்பு, கும்மிடிப்பூண்டியிலிருந்து விறகு. கண்ணிமை கனக்காது, முதுகு வளையாது. சரக்குத் தரகர்கள் அவனை இரும்பு மனுஷன் என்றார்கள், அவனும் நம்பினான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? நெய் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று வரதனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க அவன் பழகிக்கொண்டான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அது சுலபமாகவும் இருந்தது.

சௌக்கத் அலி ஓட்டிய விதம் வேறு. காலையில் ஒரு நடை. வெயில் ஏறினால் புளியமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். வெயில் தாழ்ந்து இன்னொரு நடை. மேடு வருமுன்பே கியரை மாற்றி, பள்ளத்தில் ஊர்ந்து, கைக்குழந்தை தூங்கும் வீட்டில் நடமாடுகிறவர் போல ஓட்டினார். வியாழன், சனி, ஞாயிறுகளில் வரதனுக்குக் கெண்டைக்கால் லேசாகக் கடுக்கும், ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். "பாய்க்கு சோம்பேறித்தனம் வந்துட்ச்சி. வண்டிய தொட்டில் மாதிரி ஆட்டிகினு போறாரு," என்று அவன் பச்சையம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். பச்சையம்மா ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள்: "அந்தாளு மூஞ்சிய நீ சமீபத்துல பாத்தியாயா?" வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சௌக்கத் அலிக்கு முப்பத்தெட்டு வயது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார்.

ரம்ஜான் மாதத்தில் இன்னொரு சங்கடம் இருந்தது. சௌக்கத் அலி சிறுவயதிலிருந்து ஒரு நோன்பும் விடாதவர். ஆனால் அவர் ஓட்டும் நாட்களில் அவருடைய பசி வரதனுக்குப் போய்விடும். வரதன் வழக்கம்போல எட்டு இட்லியும் வடகறியும் சாப்பிட்டு அந்தப் பசியை ஆற்றிவிடுவான். முற்பகல் பத்து மணிக்கு, பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு துறைமுக வாசலில் நிற்கும் சௌக்கத் அலிக்கு வடகறி ஏப்பம் வரும். அவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். நீர் உண்ணவுமில்லை, பருகவுமில்லை, நோன்பு கூடும், முறிந்ததாகாது என்று ஹஜ்ரத் சொன்னார். "கூடும் ஹஜ்ரத். ஆனா யாராச்சும் ஒருத்தராவது பசிச்சிருக்கணும் இல்ல?" என்று கேட்டார் சௌக்கத் அலி. பிறகு வீட்டுக்குப் போய்த் தாமே ஒரு முடிவு செய்துகொண்டார். பெருநாள் கழிந்த பிறகு, தாம் லாரி ஓட்டிய பதின்மூன்று நாட்களுக்கும் பதிலாக வீட்டில் இருக்கும் திங்கள், செவ்வாய், புதன்களில் மறுபடியும் நோன்பு வைத்தார். வரதனின் மூன்று நாள் களைப்பும் வரதனின் பசியும் தன்மேல் இறங்கிக்கொண்டிருக்கும் அதே நாட்களில். 1948, 49, 50 என்று மூன்று வருடம் இப்படி நடந்தது. வரதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடாதே என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

1950 ஆவணியில், பதின்மூன்றாவது மாற்று நோன்பன்று, சௌக்கத் அலி தன் வீட்டு வாசற்படியிலேயே சரிந்தார். வந்து பார்த்த டாக்டர் நெஞ்சில் சளியில்லை, காய்ச்சலில்லை, உடம்பில் சத்தே இல்லை என்று சொல்லி மூன்று மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்.  வரதன் பேராசைக்காரன் இல்லை என்று முன்பே சொல்லியிருக்கிறது; கெட்டவனும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அடுத்த தப்பைச் செய்திருக்க மாட்டான். "பாய் ரெஸ்ட் எடுக்கட்டும். அவரு நாளையும் நானே ஓட்டறேன். வர்றதுல பாதி அவரு வூட்டுக்கு," என்றான். ஊரே மெச்சியது. மூன்று நாள் ஓட்டியவன் ஆறு நாள் ஓட்டினான். முன்னைப் போல இல்லாமல் நிதானமாகத்தான் ஓட்டினான், ஒரு நாளைக்கு இரண்டே நடை. மெதுவாகப் போனால் பாய்க்கு ஒன்றும் ஆகாது என்று மனப்பூர்வமாக நம்பினான். சாயங்காலம் தவறாமல் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். சௌக்கத் அலி நாளுக்கு நாள் பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டு போனார். கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்த கதைதான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, வரதன் தனியாக வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது சாபிரா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்மண்டபத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு அவரு எழுந்து குந்தி ரெண்டு வாய் கஞ்சி குட்ச்சாரு."

"நல்ல சேதி சொன்ன தங்கச்சி."

"போன வெள்ளிக்கெழமையும் குந்துனாரு. அதுக்கு முந்துன வெள்ளிக்கெழமையும். சனிக்கெழம காலையில நீ வண்டி எடுக்கிற நேரத்துக்குக் கரெக்டா சாஞ்சிடறாரு."

வரதனுக்குப் புரிவதற்கு நேரமாகவில்லை.  சாபிரா அதோடு விடவில்லை. மூன்று வருடமாக மனசுக்குள் வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே கொட்டினாள். நோன்பைப் பற்றிச் சொன்னாள். வடகறி ஏப்பத்தைப் பற்றிச் சொன்னாள். "உனக்கு நோவுமேன்னு பிரேக்ககூட அழுத்திப் போட மாட்டாருண்ணே. நெழல்ல நிறுத்திட்டு மணிக்கணக்கா குந்தினு இருப்பாரு, நீ வூட்ல கொஞ்சம் கண்ணசரட்டும்னு," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் வரதனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளையிலேர்ந்து வண்டிய எடுக்க மாட்டேன் தங்கச்சி. வித்துட்றேன்."

"நிறுத்துனா இனிமே ஏறாது, அவ்ளோதான். ஏறுனது எப்டி எறங்கும்? அவரு ஓட்டுனாத்தான் எறங்கும்."

அடுத்த வியாழக்கிழமை காலையில் சௌக்கத் அலியை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். படுக்கையில் கிடக்க வேண்டிய மனுஷனை லாரியில் ஏற்றுகிறார்களே, பாவிகள் என்று தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். டாக்டர் இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வரதன் ஹேண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப் பாயை விரித்து உட்கார்ந்தான். வலிக்குக் காத்திருந்தான். ஒன்பது மணியாயிற்று, பத்தாயிற்று. கெண்டைக்காலில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஒன்று வந்தது, போயிற்று. சாயங்காலம் வரை அவ்வளவுதான். வழியில் பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வெறிபிடித்தவன் போலக் கல்மண்டபத்துக்கு ஓடினான். லாரி பூவரச மரத்தடியில் பத்திரமாக நின்றது. காலையில் ஒரு நடை, வெயில் ஏற நிழல், வெயில் தாழ ஒரு நடை. பழைய கணக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சௌக்கத் அலி வண்டியின் படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வரதன் தண்ணீர் வாளியைத் தரையில் ஓங்கி வைத்தான்.

"இன்னா பாய், என்னிய ஏமாத்திகினு கீறியா? ஒரு நோவும் வரல எனக்கு."

"உனக்கு வலிக்குமேடா நைனா."

"வலிக்கட்டும்னுதானே குந்தினுகீறேன்!" வரதன் வாளியை எட்டி உதைத்தான். "மூணு வருசமா உன்ன நெனச்சி ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் வண்டிய நிறுத்தனனா? வூட்ல நீ செத்துகினு கீற, நான் சீட்டியட்ச்சிகினு போறேன். என்னிய மனுசன்னு நெனச்சா நாளைக்கு எறக்கமே பாக்காத ஓட்டு. இல்லாங்காட்டி இந்த ஹேண்டில கடல்ல கடாசிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

 சௌக்கத் அலி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார்.

சனிக்கிழமை பத்து மணி சுமாருக்கு வரதன் குழாயடியில் பச்சையம்மாவுக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். முதலில் இடது முழங்கால் மடங்கியது. பிறகு இடுப்பு. முதுகுத்தண்டில் மண்வெட்டியை இறக்கியதுபோல ஒரு வலி; தோள் இரண்டும் கழன்று தொங்கின; இமைகள் ஈயமாயின. மூன்று வருடக் களைப்பு, தண்டையார்பேட்டையில் வேறு யாரையும் தொடாமல், நேராக அவனிடம் வந்து இறங்கியது. குடம் உருண்டது. வரதன் சேற்றில் மல்லாந்து விழுந்தான். குழாயடிப் பெண்கள் அலறிக்கொண்டு சூழ்ந்தபோது அவன் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். "பாய் எண்ணூர் தாண்டிட்டாரு. நல்லா அழுத்தறாரு," என்று பச்சையம்மாவிடம் சொன்னான். அவள் அவனை இழுத்துச் சுவரோரம் சாய்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நாற்பது நாள் சௌக்கத் அலியே வாரத்தில் ஆறு நாளும் ஓட்டினார். நிலக்கரி, உப்பு, விறகு, எது கிடைத்தாலும் ஏற்றினார். முதல் வாரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதார் என்று துறைமுக வாசலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் அவர் முகத்தில் சதை வைத்தது. தை பிறக்கும்போது பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டார். வரதன் அந்த நாற்பது நாளும் பாயிலேயே கிடந்தான். பச்சையம்மா சோறு ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். "இதத்தானய்யா அந்தம்மா மூணு வருசம் செஞ்சிச்சி," என்று ஒரு நாள் சொன்னாள்.  வரதன் எழுந்தபோது முப்பத்துமூன்று வயதில் அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த நரை திரும்பக் கறுக்கவே இல்லை. பிறகு பழையபடி மூன்று நாள், மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். இருவருமே இப்போது மெதுவாகத்தான் ஓட்டினார்கள். அவசரச் சரக்குக்காரர்கள் வேறு லாரி பார்த்துக்கொண்டார்கள்.

1951ஆம் வருடம் ரம்ஜான் வைகாசிக் கடைசியில் வந்தது. முதல் வியாழக்கிழமை சௌக்கத் அலி துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அவருக்குப் பசியில்லை, அது வழக்கம்தான். ஆனால் ஏப்பமும் வரவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி, ஹேண்டிலைச் சுற்றி, எண்ணூருக்குப் போனார். தண்டையார்பேட்டையில் வரதன் காலையிலிருந்து உதட்டை நக்கக்கூட இல்லாமல், இரண்டு ஆள் பசியோடு கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். விடியுமுன்பே பச்சையம்மா எழுப்பிச் சோறு போட்டிருந்தாள். அது எட்டு மணிக்கே எங்கேயோ போய்விட்டது. யாரும் அவனை நோன்பு வைக்கச் சொல்லவில்லை. பச்சையம்மாவைத் தவிர அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பச்சையம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்குகிறவர்களின் வரிசையில் நின்றாள். அண்டாவுக்குப் பின்னால் நின்றவர் அவளுடைய குங்குமத்தைப் பார்த்து, "யாருக்கும்மா நோன்பு?" என்று கேட்டார்.

"கல்மண்டபத்து லாரிக்கு, பாய். வச்சவரு வண்டியில கீறாரு. பசிக்கிறது எங்கூட்டுக்காரருக்கு."

"அப்ப ரெண்டு பேருக்குன்னு சொல்லு," என்று அவர் தூக்கில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அடுத்து நின்றவர் தன் பாத்திரத்தை நீட்டினார்.